பழகுபவருக்கு ஏற்ற குதிரையும் ஏற்ற தரையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் குதிரையேற்றப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோருக்காகத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நிமிர்ந்து உட்கார வேண்டும், முழங்காலை இறுக்கக் கூடாது, பார்வை குதிரையின் காதுகளுக்கு நடுவே முன்னோக்கி இருக்க வேண்டும், அச்சத்தை விட வேண்டும் என்று அதில் சொல்லப்பட்ட அறிவுரைகள் எல்லாம் சரியானவை. ஆனால் அவை அனைத்தும் சேணத்தில் அமர்பவரை நோக்கியே சொல்லப்பட்டிருந்தன. அவர் எவ்வகைக் குதிரையின் முதுகில் இருக்கிறார், அந்தக் குதிரை எந்தத் தரையில் நடக்கிறது என்ற இரு கேள்விகளும் கட்டுரையில் எழவே இல்லை. பல ஆண்டுகளாகப் புதியவர்களுக்குச் சவாரி சொல்லிக் கொடுத்து வருபவன் என்ற முறையில் நான் கண்டது இது: ஒரு பிள்ளை முதல் வாரத்திலேயே தனக்கு இது வேண்டாம் என்று அழுதால், அதற்கான காரணத்தைப் பிள்ளையின் மனத்தில் தேடுவதற்கு முன்பு குதிரையின் கால் அமைப்பிலும் அதன் குளம்பு படும் மண்ணிலும் தேட வேண்டும். பெரும்பாலும் அங்கேயே அது கிடைத்துவிடுகிறது.

முதலில் மெல்லிய நடையை எடுத்துக்கொள்வோம். நடக்கும்போது குதிரையின் நான்கு கால்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் படுகின்றன. எந்த நொடியிலும் இரண்டு குளம்புகளாவது ஊன்றியிருக்கும். அப்போது அதன் முதுகு முன்னும் பின்னும், மேலும் கீழும், இடமும் வலமுமாக அசைகிறது. அமர்ந்திருப்பவரின் இடுப்பு, அவரே தரையில் நடந்தால் எப்படி அசையுமோ ஏறக்குறைய அவ்வாறே அசைக்கப்படுகிறது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்குக் குதிரையின் நடையையே சிகிச்சையாகப் பயன்படுத்துவதன் அடிப்படை இதுதான். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க் வீராங்கனை லிஸ் ஹார்டெல், குதிரையில் ஏறுவதற்குப் பிறர் உதவி தேவைப்பட்ட நிலையிலும், 1952ஆம் ஆண்டு ஹெல்சின்கி ஒலிம்பிக்கில், பயிற்றிய குதிரையை நுட்பமாக நடத்திக் காட்டும் டிரஸ்ஸாஜ் பிரிவில் வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956இலும் அதே பதக்கத்தை மீண்டும் பெற்றார். சேணத்தில் சமநிலை என்பது காலால் இறுக்கிப் பிடிப்பதால் வருவதில்லை, இடுப்பு குதிரையின் முதுகோடு சேர்ந்து அசைவதால் வருவது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

நடை வேகமெடுத்து டிராட் ஆகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. டிராட்டில் வலது முன்காலும் இடது பின்காலும் ஒரே நேரத்தில் தரையில் படும். பிறகு இடது முன்காலும் வலது பின்காலும் படும். இரண்டுக்கும் நடுவே குதிரை ஒரு கணம் தரையைத் தொடாமல் காற்றில் இருக்கும். இவ்வாறு ஜோடிக் கால்கள் நிமிடத்துக்குச் சுமார் 150 தடவை தரையில் படுகின்றன என்பதால், அமர்ந்திருப்பவருக்கும் அத்தனை தடவை மேலெழும்பும் உந்துதல் கிடைக்கிறது. அந்த உந்துதல் இடுப்பை மெல்லத் தூக்குமா, முதுகெலும்பில் குத்துமா என்பதைத் தீர்மானிப்பதில் ஒரு சிறிய உறுப்புக்குப் பெரிய பங்கு உண்டு. குளம்புக்கு மேலே, கணு மூட்டுக்குக் கீழே இருக்கும் சாய்வான பகுதியைச் சொல்கிறேன். அது ஓரளவு நீளமாகவும் தரையோடு ஏறத்தாழ 45 முதல் 50 பாகை வரை சாய்ந்தும் இருந்தால், குளம்பு ஊன்றும்போது கணு மூட்டு கீழே இறங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அது குட்டையாகவும் நிமிர்ந்தும் இருந்தால், அதிர்ச்சி நேராகத் தோளுக்கு ஏறி, அங்கிருந்து சேணத்துக்கு வந்துவிடும். மேடுபள்ளமான சாலையில் பேருந்தின் கடைசி இருக்கையில் அமர்ந்தவருக்கு நேர்வதுதான் இங்கும் நேரும். தோள் எலும்பின் சாய்வும் இதைப் போலவே முக்கியமானது. ஆகவே ஓர் இனத்தின் பெயரைக் கேட்பதைவிட, குதிரையைப் பக்கவாட்டில் நிறுத்தித் தோளையும் கணுவுக்குக் கீழுள்ள சாய்வையும் பார்ப்பதே நல்லது. ஆயினும் இனத்தோடு சில அமைப்புகள் தொடர்ந்து வருவதால், இனத்தைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது.

சென்னை போன்ற நகரங்களின் பயிற்சிக் கூடங்களில் புதியவர்களுக்குக் கொடுக்கப்படும் குதிரைகளில் பல, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் இனத்தவை. அவை அழகானவை, அறிவுள்ளவை, மனிதருக்காகத் தம்மையே வருத்திக்கொள்ளும் இயல்புடையவை. அவற்றைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. எனினும் அவை ஓடுவதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டவை. ஏறக்குறைய 16 கை, அதாவது 163 சென்டிமீட்டர் உயரமும், நீண்ட காலெட்டும் உடையவை. நீண்ட காலெட்டு, கேன்டர் எனப்படும் மிதமான ஓட்டத்திலும் பாய்ச்சலிலும் சுகமானது. டிராட்டிலோ அது உயரமான எழுச்சியாக மாறிப் புதியவரைச் சேணத்திலிருந்து கழற்றிவிடும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பந்தயக் குதிரை, கடிவாளம் இறுகும்போது அதன்மேல் சாய்ந்து இன்னும் விரைவாக ஓடப் பழகியது. சமநிலை தவறும் புதியவர் கையில் இருப்பதைப் பற்றிக்கொள்வார். அவர் கையில் இருப்பதோ கடிவாளம். அவர் நிற்கச் சொல்வதாக நினைக்கிறார், குதிரை ஓடச் சொல்வதாகப் புரிந்துகொள்கிறது. பந்தயப் பழக்கத்தை மறக்கச் செய்து, பல மாதங்கள் பொறுமையாக மறுபயிற்சி கொடுத்த பிறகே இக்குதிரைகளைப் பயிற்சிக்குக் கொண்டுவர வேண்டும். மறுபயிற்சி முடியாத குதிரையில் ஒன்பது வயதுப் பிள்ளையை ஏற்றிவிட்டு, பயப்படாதே என்று சொல்வதில் நியாயமில்லை.

இதற்கு மாறாக, நம் நாட்டின் மார்வாரி, கத்தியவாரி இனங்களைப் பாருங்கள். 14, 15 கை அளவில் நிற்கும் இவ்விரு இனங்களிலும் பல குதிரைகளுக்கு ரேவால் என்ற நடை இயற்கையாகவே அமைந்திருக்கிறது. டிராட்டைப் போல எதிரெதிர்க் கால்கள் ஒரே நேரத்தில் விழாமல், ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் சற்று முன்பின்னாக நகர்வதால், காற்றில் எழும்பும் கணம் அநேகமாக மறைந்துவிடுகிறது. மேலே இருப்பவர் குலுங்குவதில்லை. பாலை நிலத்தில் நெடுந்தூரம் போக வேண்டியிருந்த மக்கள் இந்த நடையைப் போற்றி வளர்த்ததில் வியப்பில்லை. ஐஸ்லாந்துக் குதிரையின் டோல்ட், தென் அமெரிக்காவின் பாசோ இனங்களின் நடை ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவையே. டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் ஏற்பட்ட ஒரு மாற்றம், இத்தகைய நடையுள்ள குதிரைகளிடம் உலகெங்கும் பரவலாகக் காணப்படுவதை 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. நடை என்பது பயிற்சியால் மட்டும் வருவதன்று, பிறப்பிலும் இருக்கிறது என்பதை இது உறுதிசெய்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சுகமும் சமநிலையும் ஒன்றல்ல. குலுங்காத குதிரையிலேயே பழகியவர், ஒரு நாள் டிராட் போடும் குதிரையில் ஏறினால் திணறுவார். ஆனால் தொடக்கத்தில் உடல் இறுகிப்போனவருக்கு எதையும் கற்றுக்கொடுக்க முடியாது என்பதும் உண்மை. இறுகிய இடுப்பு குதிரையின் அசைவை வாங்கிக்கொள்ளாது, வாங்காத அசைவு முழுவதும் அடியாகவே திரும்பி வரும். எனவே முதல் சில வாரங்களுக்கு மென்மையான நடையுள்ள குதிரை, பிறகு மிதமான டிராட் உள்ள குதிரை, அதன் பின்னரே நீண்ட காலெட்டுள்ள குதிரை என்ற வரிசையே சரியானது என்பது என் துணிபு. முதுகுவலி உள்ள நடுவயதினருக்கும் முதியோருக்கும் நாட்டு இனங்களின் ரேவால் நடையே போதும். அவர்கள் பந்தயக் குதிரைப் பக்கம் போகவே தேவையில்லை.

மலை ஊர்களில் வாடகைச் சவாரிக்கு நிற்கும் மட்டக் குதிரைகளின் கதை வேறு. ஸ்பிதி, ஜான்ஸ்காரி, பூட்டியா போன்ற இமயமலை இனங்கள், ஒற்றையடிப் பாதையில் ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைக்கும் இயல்புக்குப் பெயர் பெற்றவை. நம் கொடைக்கானலிலும் உதகையிலும் காணப்படும் கலப்பின மட்டக் குதிரைகளிலும் அந்த நிதானம் உள்ளவை உண்டு. ஆனால் சிறிய குதிரையின் காலெட்டு குறுகியது. ஒரே தூரத்தைக் கடக்க அது அதிக அடிகள் வைக்க வேண்டும் என்பதால் குலுக்கல் சிறிதாகவும் அடிக்கடியும் வரும். அதன் விலா அகன்று உருண்டிருந்தால் சிறு பிள்ளையின் கால்கள் கீழே தொங்காமல் பக்கவாட்டில் விரிந்து நிற்கும். அந்நிலையில் இடுப்பு பூட்டிக்கொள்கிறது, அங்கவடியில் பாதம் நிற்பதில்லை. பிடரி முடியும் இடத்தில் மேடு இல்லாத உருண்ட முதுகில் சேணமும் எளிதில் ஒரு பக்கமாகச் சரியும். வார் எவ்வளவு இறுகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பாதி வழியில் மறுபடியும் பார்க்காத குதிரைக்காரரை நம்பிப் பிள்ளையை அனுப்பாதீர்கள் என்று பெற்றோரிடம் சொல்வேன். எடையும் கவனிக்கத் தக்கது. ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரையறை. 80 கிலோ எடையுள்ள ஒருவரும் 10 கிலோ சேணமும் 300 கிலோ மட்டக் குதிரையின்மேல் ஏறினால் அது பத்தில் மூன்று பங்கை எட்டிவிடுகிறது. அந்தக் குதிரை தள்ளாடும். மேலே இருப்பவரும் சேர்ந்து தள்ளாடுவார்.

இனி தரைக்கு வருகிறேன். என் பார்வையில், நம்மிடையே மிகவும் அலட்சியம் செய்யப்படுவது இதுதான். குளம்பு தரையைத் தொடும் கணத்தில் சிறிது முன்னோக்கி வழுக்கி, பிறகு நின்று, உடலின் எடையைத் தாங்கி, கடைசியில் நுனியால் மண்ணைத் தள்ளி எழுகிறது. இந்த நான்கு கட்டங்களிலும் தரை ஏதாவது செய்தாக வேண்டும். குளம்பு மோதும்போது இளக வேண்டும். சிறிதே வழுக்க விட்டுப் பிறகு பிடிக்க வேண்டும். எடை முழுவதும் இறங்கும்போது தாங்க வேண்டும். எழும்போது அமிழ்ந்துபோகாமல் எதிர்த்து நிற்க வேண்டும். சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு 2014இல் வெளியிட்ட தரை பற்றிய அறிக்கை, மோதும்போது காட்டும் கடினம், அதிர்வைத் தாங்குதல், திருப்பித் தரும் உந்துதல், பிடிப்பு, எங்கும் ஒரே தன்மை ஆகியவற்றை அளவிட வேண்டிய குணங்களாகக் கூறுகிறது. குதிரை தன் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை முன்கால்களில் தாங்குகிறது. முழு வேகப் பாய்ச்சலில் ஒரு முன்காலின்மேல் மட்டும் அதன் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு விசை இறங்கும். 450 கிலோ குதிரைக்கு அது ஒரு டன்னுக்கும் மேல். இந்த விசையில் எவ்வளவை மண் வாங்கிக்கொள்கிறதோ அவ்வளவு குறைவாகவே அது காலுக்கும் சேணத்துக்கும் போகும்.

தார்ச்சாலை இவற்றில் ஒன்றையும் செய்வதில்லை. அது இளகாது. காய்ந்திருக்கும்போது அடியை அப்படியே திருப்பித் தருகிறது. மழையில் நனைந்தாலோ, இரும்பு லாடம் பிடிப்பின்றிச் சறுக்குகிறது. குதிரைக்கு இது தெரியும். ஆகவே அது காலெட்டைக் குறுக்கி, முதுகை இறுக்கி, எச்சரிக்கையாக அடி வைக்கிறது. மேலே இருப்பவருக்கு அந்த இறுக்கமும் வெடுக்கென்ற அசைவும் மட்டுமே கிடைக்கின்றன. நிமிர்ந்த கணு அமைப்புள்ள ஒரு மட்டக் குதிரையையே செம்மண் பாதையில் நடத்திப் பார்த்தால், அதன் தோள் தளர்ந்து, தலை தாழ்ந்து, நடை நீள்வதைக் காணலாம். குதிரை மாறவில்லை, தரைதான் மாறியது. குளம்பின் அடிப்பகுதி மெல்லியதாக அமையும் தரோபிரெட் குதிரைகளுக்கு இந்த வேறுபாடு இன்னும் கூடுதலாக இருக்கும்.

கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் செல்லும் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் சாலையில், சுற்றுலா வரும் குடும்பங்கள் குதிரை ஏறிச் செல்வது பல தலைமுறைகளாக இருந்து வரும் வழக்கம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் குதிரை ஏறுபவர்கள். சமநிலை அறவே இல்லாதவரை, மூடுபனியிலும் தூறலிலும் நனைந்த தார்ச்சாலையில், வாகனங்களுக்கு நடுவே, இரும்பு லாடம் கட்டிய குதிரையில் ஏற்றுகிறோம். இதற்குக் குதிரைக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுக்கு வேறு பாதை கொடுக்கப்படவில்லை. சாலையோரத்தில் இடம் உள்ள பகுதிகளிலாவது வடிகால் வசதியுடன் ஒரு மண் பாதையை ஒதுக்கித் தருவது நகராட்சியால் முடியாத காரியமன்று. அது முடியும் வரையில், தார்ச்சாலையில் செல்லும் குதிரைகளுக்கு ரப்பர் லாடமோ, பிடிப்புக்காகக் கடினமான முனை வைத்த ஆணிகளோ கிடைக்கக் கால்நடைத் துறை உதவலாம். தார்ச்சாலையில் டிராட் போடுவதை மட்டுமாவது உடனே நிறுத்தலாம்; அதற்குப் பணமே தேவையில்லை.

மென்மையாக இருந்தால் போதும் என்பதும் சரியன்று. மெரினா கடற்கரையின் மேற்பகுதியில் உள்ள காய்ந்த மணல் இதற்கு உதாரணம். குளம்பு ஆழமாகப் புதைகிறது, எழும்போது மண் நழுவிப் போவதால் ஒவ்வோர் அடிக்கும் குதிரை கூடுதலாக உழைக்க வேண்டும், தசைநாண்கள் நீட்டப்படுகின்றன. மேலே இருப்பவருக்குக் குலுக்கல் குறைவுதான். ஆனால் குதிரையின் முன்பகுதி ஒவ்வோர் அடியிலும் அமிழ்ந்து எழுவதால் அவர் முன்னோக்கிச் சாய்ந்துகொண்டே இருப்பார். அந்தச் சாய்வு பழகிவிட்டால் பிறகு திருத்துவது கடினம். அதே கடற்கரையில் அலை வந்து நனைத்துவிட்டுப் போன ஈர மணல் இறுகி, குளம்பின் விளிம்பு மட்டும் பதியும் அளவுக்குத் தாங்குகிறது. அந்தத் தரையில் குதிரையின் முதுகு அசைவது சீராக இருக்கும். ஆனால் அலையைக் கண்டு மிரளாத, பழகிய குதிரையாக இருக்க வேண்டும்.

பயிற்சிக் கூடங்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே. இறுகிய அடித்தளத்தின்மேல் இரண்டு மூன்று அங்குல மணல் போதும். அதைப் பராமரிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கூர்மையான துகள்களைக் கொண்ட எம்-சாண்ட் போட்டால் அது நாளடைவில் மிதிபட்டு இறுகும் என்பதால் அடிக்கடி கிளறிவிட வேண்டும். கோடையில் காலை வகுப்புக்கு முன் தண்ணீர் தெளிக்காவிட்டால் மணல் பொடியாகி வழுக்கும், தூசி குதிரையின் நுரையீரலுக்கும் பிள்ளையின் நுரையீரலுக்கும் போகும். எல்லாவற்றிலும் மோசமானது ஒரே மைதானத்தில் ஓரிடம் கட்டாந்தரையாகவும் ஓரிடம் புதைமணலாகவும் இருப்பது. சுவரோரமாகக் குதிரைகள் தினமும் ஓடும் தடத்தில் மணல் ஒதுங்கிப் பள்ளம் விழுகிறது; திருப்பத்தில் குதிரை அந்தப் பள்ளத்திலிருந்து வெளியேறும்போது கால் இடறும்; அங்கேதான் புதியவர்கள் விழுகிறார்கள். வகுப்பு முடிந்ததும் பரம்படித்துச் சமப்படுத்தினால் தவிர்க்கக்கூடிய விழுதல்கள் அவை.

கடினமான குதிரையிலும் கடினமான தரையிலும் பழகினால்தான் நல்ல சவாரி வரும் என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியைப் பார்க்க வேண்டும். 1735இல் கட்டி முடிக்கப்பட்ட அதன் கூடத்தில், சேரும் மாணவர் கடிவாளமும் அங்கவடியும் இல்லாமல், ஆசிரியர் கையில் பிடித்த நீண்ட கயிற்றில் வட்டமாகச் சுற்றும் குதிரையின்மேல் நெடுங்காலம் அமர்ந்து பழகுகிறார். அந்தப் பயிற்சி மிகக் கடுமையானதுதான். ஆனால் அவருக்குத் தரப்படும் லிப்பிசானர் குதிரை, பல ஆண்டுகள் பயிற்றப்பட்டு, ஒரே சீராக அடி வைப்பது; தரையோ கூடத்துக்குள் நாள்தோறும் சமப்படுத்தப்படுவது. மாணவரின் உடல் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாறாமல் வைத்துக்கொண்டு, அவருடைய சமநிலையை மட்டும் அங்கே திருத்துகிறார்கள். குதிரையும் புதிது, தரையும் நிச்சயமில்லை, ஏறுபவரும் புதியவர் என்றால் எதைத் திருத்துவது?

ஆகவே தங்கள் நாளிதழ் இப்பொருளில் இன்னொரு கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதில் பயிற்சியாளர்களுடைய கருத்தோடு, குதிரை மருத்துவர்களுடைய கருத்தும், குறிப்பாக லாடம் கட்டுபவர்களுடைய கருத்தும் இடம்பெற வேண்டும்; ஒரு தரை குளம்பை என்ன செய்கிறது என்பதை அவர்கள் அளவுக்கு அறிந்தவர் யாருமில்லை. பெற்றோரும் பணம் கட்டும் முன் மைதானத்தின் மணலில் தாங்களே நடந்து பார்க்கட்டும்; பிள்ளைக்குத் தரப்போகும் குதிரை பந்தயத்தில் ஓடியதா, அதற்குப் பின் எத்தனை மாதம் மறுபயிற்சி பெற்றது என்று கேட்கட்டும்; வேறொருவர் அந்தக் குதிரையில் டிராட் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். கொடைக்கானல், உதகை நகராட்சிகள் அடுத்த கோடைக்கு முன் மண் பாதைக்கு இடம் அளந்து தருவார்கள் என்று எதிர்பார்க்கிறேன். அந்தப் பாதையில் போடவேண்டிய மண்ணின் கலவை பற்றியும் வடிகால் பற்றியும் என்னால் இயன்ற உதவியைச் செய்ய ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குதிரையேற்றப் பயிற்சியாளர் ஒருவர்,
சென்னை.